பிடிவாதக்கார டயரும் ஒரு மலைப் பூங்காவும்

ஒரு பழைய சைக்கிள் டயர், ஒரு குச்சி. இரண்டும் கிடைத்துவிட்டால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்த வண்டி கிடைத்த மாதிரி. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். கடைக்குப் போய்ச் சீரகம் வாங்கி வா என்றால், டயரைத் தட்டிக்கொண்டே ஓடிப் போய்த் தட்டிக்கொண்டே ஓடி வந்த கதையைச் சொல்வார்.

அந்த டயரைச் சும்மா நிற்க வைத்தால் விழுந்துவிடும். ஓடவிட்டால் விழுவதில்லை. ஏன்? சுழலும் பொருள் தன் சுழற்சியின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. பம்பரம் ஒற்றை ஆணியில் நிற்பதும் இதனால்தான். டயருக்கு இன்னொரு துணையும் உண்டு. ஓடும் டயர் இடப்பக்கம் சாய்ந்தால், இடப்பக்கமாகவே வளைந்து ஓடும். அந்த வளைவே அதை மறுபடி நிமிர்த்திவிடும். அடுத்த முறை டயர் உருட்டும்போது கவனியுங்கள், அது நேர்கோட்டில் ஓடாது. விழப் போவதும் சமாளிப்பதுமாக, நெளிந்து நெளிந்துதான் ஓடும்.

டயருக்குப் பிடிவாதம் அதிகம். ஓடும்போது விழ மாட்டேன் என்கிறது. மழையில் போட்டால் மட்க மாட்டேன் என்கிறது. மண்ணில் புதைத்தால் அழுக மாட்டேன் என்கிறது. அடுப்பில் வைத்தாலும் மெழுகைப் போல உருகாமல் கருகிப் புகைகிறது. இத்தனை பிடிவாதம் பிடிக்கும் ஒரு பொருளைத் தேய்ந்த பிறகு என்ன செய்வது? இன்றைக்கு நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான். பேசுவதற்குக் கொல்லிமலைக்குப் போவோம்.

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி என்ற அடிவாரத்து ஊரிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதிய பலகை இருக்கும். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். பாதி வழியில் சிலருக்குத் தலை சுற்றும், ஜன்னல் ஓரம் கேட்டு அடம் பிடிப்பார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதும் காற்று குளிர்ந்துவிடும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். சாலையோரம் பலாப்பழமும் அன்னாசியும் விற்பார்கள்.

அந்த வளைவுகளில் பஸ்ஸைத் திருப்புவது எது? ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார், சரி. ஆனால் பஸ்ஸைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது டயர் மட்டும்தான். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் விரித்து வைத்த பாடப் புத்தகத்தின் அளவுகூட இருக்காது. அந்தச் சின்ன இடத்தில் ரப்பர் தார்ச்சாலையின் மேடுபள்ளங்களைக் கவ்விக்கொள்கிறது. அதற்கு உராய்வு என்று பெயர். உராய்வு இல்லையென்றால் முதல் வளைவிலேயே பஸ் நேராகப் போய்விடும். கவ்வும்போதெல்லாம் ரப்பர் துளித்துளியாகத் தேய்கிறது. சமவெளியில் ஓடும் டயரைவிட மலையில் ஓடும் டயர் சீக்கிரம் தேய்வது இதனால்தான். டயரின் மேற்பரப்பில் கட்டம் கட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதே, அதை நம் ஊர் ஓட்டுநர்கள் பட்டன் என்பார்கள். பட்டன் தேய்ந்தால் பிடிப்புப் போய்விடும்.

தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதில்லை. மலைக்குக் கீழே இருக்கும் நாமக்கல், லாரிகளுக்குப் பேர்போன ஊர். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர்கள், இவற்றோடு டயர் ரீட்ரேடிங் பட்டறைகளும் அங்கே உண்டு. லாரி டயர் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். தேய்ந்து போவது மேலே உள்ள சில கிலோ ரப்பர்தான், உள்ளே உடம்பு நன்றாகவே இருக்கும். மேல்பரப்பைச் சுரண்டி, புதுப் பட்டன் உள்ள ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, சூடான அறையில் வேக வைத்து எடுத்தால் அதே டயர் மறுபடி ஓடும். விமானங்களின் டயரையும் இப்படித்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், பழைய டயருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல மறுவாழ்வு இதுதான். பழைய டயரால் பூங்கா கட்டுவதெல்லாம் அடுத்தபடிதான்.

ஆனால் எந்த உடம்பும் ஒருநாள் ஓயும். பக்கவாட்டில் வெடிப்பு விட்டு, இனி ரீட்ரேடிங்கும் ஆகாது என்ற நிலைக்கு வந்த டயர்கள் பஞ்சர் கடைக்குப் பின்னால் குவியும். உலகம் முழுவதும் ஓராண்டில் ஓய்ந்து போகும் டயர்கள் நூறு கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். 

இப்போது ஒரு கற்பனை. கொல்லிமலையில் செம்மேடு என்ற ஊர் இருக்கிறது. இந்த மலையை ஆண்ட மன்னன் வல்வில் ஓரி வில்லோடு நிற்கும் சிலை அங்கே உண்டு. அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். சறுக்கு மரம் துரு ஏறிவிட்டது, ஊஞ்சலின் ஒரு சங்கிலி அறுந்து தொங்குகிறது, ஏற்றப் பலகை நடுவில் பிளந்துவிட்டது. இதைப் புதுப்பிக்கும் வேலையை ஊரார் உங்களிடம் கொடுத்துவிட்டார்கள். கையில் பெரிய பணம் இல்லை. பஞ்சர் கடைக்குப் பின்னால் இருபது முப்பது டயர்கள் கிடக்கின்றன. என்ன செய்வீர்கள்?

இதைச் செய்து காட்டியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பூஜா ராய் என்ற பெண் காரக்பூர் ஐஐடியில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தார். ஆதரவற்ற பிள்ளைகள் இருந்த ஓர் இல்லத்துக்குப் போனபோது, அங்கே பிள்ளைகள் காலில் போடும் செருப்பை மட்டையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். விளையாட இடமில்லை, பொருளும் இல்லை, ஆனாலும் விளையாட்டு நிற்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கழித்துப் போட்ட டயர்களால் ஒரு விளையாட்டு மைதானம் அமைத்தார். 2016-இல் பெங்களூரில் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்ற தொண்டு நிறுவனமாக அது வளர்ந்தது. இன்றுவரை இந்தியாவின் பல மாநிலங்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை அமைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே டயரைக் கழுவுவார்கள், வண்ணம் பூசுவார்கள். என்ன வேண்டும் என்று முதலில் பிள்ளைகளைத்தான் கேட்பார்கள். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். பூங்கா என்பது பெரியவர்கள் வரைந்து கொடுக்கும் படம் இல்லை, விளையாடுகிறவர்கள் சொல்ல வேண்டியது.

கொல்கத்தாவில் மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகம் தன் பேருந்துகளில் தேய்ந்த டயர்களைக் கொண்டே நகரின் நடுவில் ஒரு பூங்கா அமைத்தது. ஜப்பானில் டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்தில் நிஷி-ரோக்குகோ என்ற பூங்கா இருக்கிறது. அதைச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் டயர்ப் பூங்கா என்றே கூப்பிடுவார்கள். ஏறக்குறைய மூவாயிரம் டயர்கள். அவற்றை அடுக்கிக் கட்டிய ஒரு பெரிய டைனோசரும் அங்கே நிற்கிறது.

நாமும் தொடங்கலாம். ஆனால் டயரைத் தொடுவதற்கு முன் அதன் குணம் தெரிய வேண்டும். குணம் தெரியாமல் டயரில் கைவைத்தவர்கள் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் ஓர் அகலமான ரப்பர் பேண்ட் இருந்தால் எடுங்கள். மேல் உதட்டில் லேசாகத் தொடும்படி வைத்துச் சட்டென்று இழுங்கள். வெதுவெதுப்பாக இருக்கிறதா? இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தளர்த்தி, உடனே மறுபடி உதட்டில் வையுங்கள். இப்போது குளுமை. உதட்டுக்கு இந்தச் சின்ன வித்தியாசம்கூடத் தெரியும், விரலுக்குத் தெரியாது.

ரப்பருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நூல்கள் இருக்கின்றன. இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள். அவை சும்மா இருப்பதில்லை, ஓயாமல் துள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் இழுக்கும்போது அந்த நூல்கள் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல நேராகின்றன. இழுக்க நீங்கள் செலவிட்ட ஆற்றல் வெப்பமாக வெளியே வருகிறது, உதடு அதை உணர்கிறது. விட்டால், மணி அடித்ததும் கலைந்து ஓடும் பிள்ளைகளைப் போல மறுபடி சிக்கலாகிவிடுகின்றன. அப்போது சுற்றியுள்ள வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் குளுமை. ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிறதே, அவன் வில்லும் வளைந்துதான் ஆற்றலைச் சேர்த்து வைத்தது. ஆனால் வில்லின் மரம் கொஞ்சம்தான் வளையும், அதற்கு மேல் ஒடியும். ரப்பர் தன் நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீண்டுவிட்டுத் திரும்பி வரும்.

இந்த நூல்கள் மரத்திலிருந்து வருகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் மரத்தின் பட்டையைச் சாய்வாகக் கீறி, சிரட்டையிலோ கிண்ணத்திலோ பால் எடுப்பார்கள். அந்தப் பாலை உறைய வைத்தால் ரப்பர். ஆனால் அந்தப் பச்சை ரப்பர் எதற்கும் ஆகாது. வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து ஒடியும். அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் பல ஆண்டுகள் இதோடு போராடினார். கடனில் மூழ்கினார், சிறைக்கும் போனார். 1839-இல் ரப்பரும் கந்தகமும் சேர்ந்த கலவை ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டது. இளகி ஓடும் என்று எதிர்பார்த்த இடத்தில், தோலைப் போல உறுதியாகி நின்றது.

நடந்தது இதுதான். கந்தகம் அந்த இடியாப்ப நூல்களுக்கு நடுவே அங்கங்கே முடிச்சுப் போட்டுவிட்டது. உதிரி நூல்கள் மீன் வலை ஆகிவிட்டன. வலையை இழுக்கலாம், விட்டால் பழைய வடிவத்துக்கு வரும். ஆனால் நூல்கள் தனித்தனியாக வழுக்கி ஓட முடியாது. அதனால்தான் டயர் உருகுவதில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி வேறொன்று வார்க்கலாம், டயரை அப்படி வார்க்க முடியாது. குட்இயர் 1860-இல் கடனோடுதான் இறந்தார். பின்னாளில் 1898-இல் தொடங்கப்பட்ட ஒரு டயர் நிறுவனம் அவர் நினைவாக அந்தப் பெயரை வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

டயர் கறுப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ரப்பரின் சொந்த நிறம் வெளுப்பு, தொடக்க காலத்து டயர்களும் வெளுப்பாகவே இருந்தன. அதில் கரித்தூளைக் கலந்தபோது டயர் பலமடங்கு உழைத்தது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் உள்ளே போய் நூல்களை அறுக்காமல் அந்தக் கரி குடை பிடிக்கிறது. மட்காததும் உருகாததும் வெயிலுக்கு அஞ்சாததும் குப்பைமேட்டில் கிடக்கும்போது குற்றம். மழையிலும் வெயிலிலும் ஐந்தாறு ஆண்டு பிள்ளைகளைத் தாங்க வேண்டிய பூங்காவில் அதே குணம் வரம்.

சரி, வேலைக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் எழுத்துகளுக்கு நடுவே நான்கு இலக்க எண் ஒன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்று பொருள். ஒவ்வொரு டயரின் பிறந்த நாளையும் கண்டுபிடித்துச் சாக்கட்டியால் அதன் மேலேயே எழுதுங்கள். மிகப் பழைய டயரில் ரப்பர் விறைத்து வெடித்திருக்கும், அதை ஊஞ்சலுக்கு எடுக்க வேண்டாம்.

அடுத்தது காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் போதும். டயரில் இரண்டு வகை. ரேடியல் டயரின் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிகள் பட்டையாக ஓடும். நைலான் டயரில் அந்த இடத்தில் நைலான் இழைகள்தான். காந்தத்தைப் பட்டன் மேல் வைத்து நகர்த்தினால் ரேடியலில் அது பிடித்து இழுக்கும், நைலானில் இழுக்காது. சக்கரத்தோடு பொருந்தும் உள்விளிம்பில் இரண்டு வகையிலும் எஃகு வளையம் இருக்கும், அங்கே காந்தம் நிச்சயம் ஒட்டும். இதை ஏன் பார்க்க வேண்டும்? தேய்ந்த ரேடியலில் கம்பி நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஊசி மாதிரி குத்தும். பிள்ளைகள் உட்காரும், பிடிக்கும் இடங்களுக்கெல்லாம் நைலான் டயர். கம்பி வெளியே தெரியும் டயர் எதுவானாலும் பூங்காவுக்குள் வரக்கூடாது.

முதலில் ஊஞ்சல். கொல்லிமலையில் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் கிளையில் நேரடியாகக் கயிறு கட்டினால் கயிறு ஆட ஆட மரத்தின் பட்டை அறுபடும். மரம் சாப்பாடு கொண்டுபோவது அந்தப் பட்டை வழியாகத்தான். கயிற்றுக்கும் கிளைக்கும் நடுவே ஒரு துண்டு டயர்ப் பட்டையைத் தலையணையாக வைத்துவிட்டால் மரம் பிழைக்கும். கட்டுவது பெரியவர்களின் வேலை. கட்டியதும் உங்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. தங்கையை உட்கார வைத்து மெதுவாக ஆட்டிவிட்டு, பத்து முறை போய் வர எத்தனை நொடி என்று பாருங்கள். பிறகு மாமாவை உட்கார வைத்து அதேபோலப் பாருங்கள். மாமா மூன்று மடங்கு எடை. ஆனால் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஊசல் ஒரு முறை போய் வரும் நேரம் எடையைப் பொறுத்தது இல்லை, கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் நீளமென்றால் சுமார் 2 நொடி, இரண்டேகால் மீட்டரென்றால் 3 நொடி, நான்கு மீட்டரென்றால் 4 நொடி. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் ஆகிறது, கவனித்தீர்களா? இந்த நிதானமான ஆட்டத்துக்காகவே நம் ஊரில் உயரமான கிளையைத் தேடி ஊஞ்சல் கட்டினார்கள் போலும்.

ஊஞ்சலுக்கு அடியில் ஒரு முழ ஆழத்துக்கு மணல் போட வேண்டும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பீர்கள் அல்லவா? பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடினால் கையில் விழும் அடி குறைகிறது. விழும் பிள்ளைக்கு மணலும் அதையே செய்கிறது. ஏற்றப் பலகையின் இரண்டு நுனிகளுக்கு அடியிலும் ஒரு டயரைப் பாதி புதைத்து வைத்தால், அது முட்டும் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

மலைப் பூங்காவில் தரை சரிவாக இருக்கும், மழையில் மண் கரையும். மலையில் வயலுக்குக் கல் அடுக்கிக் கரை கட்டுகிறார்களே, அதே முறையில் டயரையும் அடுக்கலாம். டயரைப் படுக்க வைத்து, உள்ளே மண்ணைப் போட்டு, கட்டையால் இடித்து இடித்து நிரப்ப வேண்டும். கார் டயர் பத்து கிலோகூட வராது, மண் இடித்த பிறகு நூறு கிலோவைத் தாண்டிவிடும். மேல் வரிசை டயர், கீழ் வரிசையில் இரண்டு டயர்கள் சேரும் இடத்தின் மேல் உட்கார வேண்டும், செங்கல் சுவரில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வரிசையும் சரிவின் பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். இடுப்பு உயரத்துக்கு மேல் போவதென்றால் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மைக்கேல் ரெனால்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1970-களிலிருந்து இப்படி மண் இடித்த டயர்ச் சுவர்களால் வீடுகளே கட்டி வந்திருக்கிறார்.

வண்ணம் அழகுக்காக மட்டும் பூசுவதில்லை. கறுப்பு வெயிலை விழுங்கும். ஒரு டயரில் பாதியை வெள்ளையாகப் பூசிவிட்டு, நண்பகலில் இரண்டு பக்கமும் கை வைத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். உட்காரும் இடங்களுக்கு வெளிர் நிறம், ஈயம் கலக்காத பெயின்ட்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. ஒரு டயரில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு, அந்தத் தண்ணீரை முழுவதும் வெளியேற்றிப் பாருங்கள். நிற்க வைத்தால் அடியில் தேங்கும், படுக்க வைத்தால் வளையமாகத் தேங்கும், சாய்த்துக் கவிழ்த்தாலும் ஒரு மூலையில் கொஞ்சம் நிற்கும். உள்பக்கம் மடிந்த அந்த வடிவம் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கென்றே செய்தது போல இருக்கிறது. வெயில் படாத, காற்று அடிக்காத, மீனும் தவளையும் வராத குட்டிக் குளம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல பிரசவ அறை கிடையாது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. டயரின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆசியாவின் காடுகளில் வாழ்ந்த புலிக்கொசு என்ற வகை, 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குடியேறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது கடல் தாண்டி வந்தது கப்பலில் ஏற்றிய பழைய டயர்களுக்குள்தான்.

ஆகவே ஒவ்வொரு டயருக்கும் துளை வேண்டும். எங்கே துளை போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டயரை எப்படி வைக்கப் போகிறோமோ, அந்த நிலையில் அதன் மிகத் தாழ்ந்த இடம் எதுவோ அங்கே. நிமிர்ந்து தொங்கும் ஊஞ்சலென்றால் அடிப்பட்டனில் மூன்று நான்கு துளைகள். படுத்துத் தொங்கும் ஊஞ்சலென்றால் கீழ்ப்பக்கவாட்டில் சுற்றிலும். தரையில் புதைத்தவற்றின் வயிற்றை மண்ணாலோ மணலாலோ இடைவெளி இல்லாமல் நிரப்பிவிட வேண்டும். மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும் மலையூரில் இதைத் தவறவிட்டால், நாம் கட்டியது பூங்கா இல்லை, கொசுப் பண்ணை.

குணம் தெரியாமல் டயரைத் தொட்டவர்கள் கதை சொல்வதாகச் சொன்னேனே. 1972-இல் அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில், மீன்களுக்கு வீடாகப் பவளத் திட்டு வளரட்டும் என்று ஏறக்குறைய 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உப்புநீரில் கட்டுகள் அரித்து அறுந்தன. புயலும் நீரோட்டமும் டயர்களை உருட்டிக்கொண்டு போய், பக்கத்தில் இயற்கையாக வளர்ந்திருந்த பவளங்களின் மேல் மோத வைத்தன. அந்த டயர்களை முக்குளிப்போரை அனுப்பி ஒவ்வொன்றாக மேலே எடுக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஹேயோப் என்ற இடத்தில் ஒரு கோடி டயர்கள் குவிந்த கிடங்கில் 1989-இல் தீப்பிடித்தது. உள்ளே புகைந்துகொண்டே இருந்த அந்தத் தீ பதினைந்து ஆண்டுகளாகியும் முழுதாக அடங்கவில்லை. டயர் எரிந்தால், குட்இயர் முடிச்சுப் போட்ட அதே கந்தகம் மூச்சை அடைக்கும் கந்தக டைஆக்சைடாக வெளிவரும், கூடவே புற்றுநோய் தரும் பொருள்களும் கரும்புகையில் வரும். போகிக்கு டயர் கொளுத்தாதீர்கள் என்று ஆண்டுதோறும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கெஞ்சுவது இதற்காகத்தான்.

இன்னொரு செய்தி 2020-இல் வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த மறுநாள் செத்து மிதந்தன. பல ஆண்டுகள் தேடிய பிறகு காரணம் தெரிந்தது. டயரில் சீக்கிரம் வெடிப்பு விடாமல் இருக்கக் கலக்கும் ஒரு பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாகிறது. சாலையில் தேய்ந்த டயர்த் தூளோடு மழைநீர் அதை ஓடைக்குக் கொண்டுபோகிறது. பூங்காவில் அசையாமல் கிடக்கும் முழு டயர் சாலையில் தேயும் டயரைப் போல அவ்வளவு தூளை உதிர்ப்பதில்லை. ஆனாலும் நாம் கவனமாக இருக்கலாம். டயர்த் தொட்டியில் பூச்செடி வையுங்கள், கீரையும் தக்காளியும் வேண்டாம். ஓடைக்கு அருகில் டயர் புதைக்க வேண்டாம். ஆகாய கங்கை அருவியாக விழுந்து அய்யாறாக ஓடும் நீர் கீழே எத்தனையோ ஊர்களுக்குப் போகிறது.

இதனால் கொல்லிமலைப் பூங்காவுக்கு நான் ஒரு விதி வைப்பேன். மலையில் தேய்ந்த டயரை மட்டும் பயன்படுத்துவோம். அழகான பூங்கா வேண்டுமென்று கீழே நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் பழைய டயரை 70 வளைவு ஏற்றி வரக்கூடாது. அவை ஓயும் நாளில் திரும்ப இறக்குவது யார்? வேலிக்கு மூங்கில் இருக்கிறது, படிக்குக் கல் இருக்கிறது, பெஞ்சுக்குச் சில்வர் ஓக் பலகை இருக்கிறது. வளைந்து கொடுக்க வேண்டிய, அடி தாங்க வேண்டிய இடத்துக்கு மட்டும் டயர். எத்தனை டயர் வைத்தோம் என்ற கணக்கைப் பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும், அவற்றின் பிறந்த நாளோடு. வெடித்துப் போனதும் மறுசுழற்சிக்கு அனுப்ப அந்த நோட்டு உதவும். டயர் தயாரிக்கும் நிறுவனங்களே பழைய டயரின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2022-இலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. தூளாக்கிய டயரைத் தாரோடு கலந்து சாலையும் போடுகிறார்கள். கொல்லிமலை வளைவில் தேய்ந்த ஒரு டயர், பிள்ளைகளை ஆட்டிவிட்டு, கடைசியில் ஒரு சாலைக்குள்ளேயே போய்ச் சேரலாம்.

பூங்கா கட்ட நாளாகும். அதற்கு முன் இன்றைக்கே செய்ய ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில், பஞ்சர் கடை ஓரத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், மொட்டை மாடியில் பழைய டயர் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் உற்றுப் பாருங்கள், நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கும் குட்டிப் புழுக்கள் தெரியும். அவைதான் கொசுவின் குஞ்சுகள். உடனே பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள், உள்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், தாழ்ந்த இடம் எதுவென்று நீங்கள் காட்டி, அங்கே துளை போடச் சொல்லுங்கள்.